மிச்சக்காவின் ஒற்றை நாற்காலி

பெக்கான் நானாஸ் வட்டாரத்தில் உயிரோடு இருப்பவர்களுக்கு நாற்காலி போட எத்தனையோ பேர் உண்டு. உயிரோடு இல்லாதவர்களுக்கு நாற்காலி கிடைத்துவிடாமல் பார்த்துக்கொண்டவர் மிச்சக்கா ஒருவர்தான்.

பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடும் கடையில் அவர் லோரி ஓட்டினார். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு போய் வரிசையாகப் போடுவார். எல்லாம் முடிந்ததும் அள்ளிக்கொண்டு வருவார். தூரத்திலிருந்து பார்த்தால் ஆணா பெண்ணா என்று தெரியாது. கிட்டே வந்தால் நெற்றியில் பெரிய வட்டமாகக் குங்குமம். காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். ஒரு கன்னம் எப்போதும் உப்பியிருக்கும். உள்ளே உப்புப் போட்டுக் காயவைத்த ஆசாம்போய்ப் பழத்தின் கொட்டை. பழம் கரைந்து போன பிறகும் கொட்டையை மட்டும் நாள் முழுக்க வைத்திருப்பார்.

யார் எந்த எண்ணைச் சொன்னாலும் "மிச்சம் இருக்கா?" என்று கேட்பார். அதனால் மிச்சக்கா. அடையாள அட்டையில் இருந்த சொந்தப் பெயரை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அது பிறகு.

ஆறாம் படிவம் முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறதா என்று காத்திருந்த மாதங்களில் அந்தக் கடையில் எனக்கு மேசை வேலை. எங்கள் குடும்பத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா அன்னாசித் தோட்டத்தில் பழம் வெட்டியவர், அம்மா டின் அடைக்கும் ஆலையில் பழம் சீவியவர். வீட்டுக்கு வரும் கடிதங்களை எட்டு வயதிலிருந்து நான்தான் படித்துச் சொல்வேன். கணிதத்தில் எனக்கு முதல் தர மதிப்பெண். அதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன்.

முதல் நாளே மிச்சக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"புதுக் கிராணியா?" என்றார். தோட்டத்து ஆபீசில் பேரேடு எழுதுகிறவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ஆமாக்கா."

"வயசு?"

"பத்தொம்பது."

"அலமாக்!" என்று ஓர் அடி பின்னால் போனார். "பத்தொம்பதா? எதாலயும் உடையாதே. ஒரு வருசம் பாத்து நடந்துக்க கிராணிம்மா. இருவது ஆயிட்டா பயமில்ல. ரெண்டு, நாலு, அஞ்சு, பத்துன்னு நெறைய பேரு தொணைக்கு வந்துருவாங்க."

வேலை இல்லாத நேரத்தில் ஒரு நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போடுவார். முன்னங்கால் இரண்டையும் தூக்கிவிட்டு, பின்னங்கால் இரண்டில் மட்டும் சாய்ந்து மெல்ல ஆடிக்கொண்டிருப்பார். முதலாளிக்கு அதைக் கண்டாலே ஆகாது.

"கால் ஒடஞ்சிரும் லா! நாலு கால் எதுக்கு வச்சிருக்கான்?"

"ரெண்டு போதும் பாஸ். நீங்க எத்தன கால்ல நிக்கிறீங்க?"

பள்ளியில் நாங்கள் பகா எண் என்று படித்ததை மிச்சக்கா உடையாத நம்பர் என்பார். அவர் பள்ளிக்கூடத்துக்குள் போனதே அங்கே நாற்காலி இறக்குவதற்குத்தான். ஆனால் எண் என்றால் அவருக்குக் கண்ணால் பார்க்கிற பொருள். பன்னிரண்டு என்றால் மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு நாற்காலி. இல்லையென்றால் இரண்டு வரிசை, வரிசைக்கு ஆறு. எப்படிப் போட்டாலும் கட்டம் மூடிக்கொள்ளும். பதிமூன்று மூடாது. எப்படிப் போட்டாலும் கடைசியில் ஏதாவது துருத்திக்கொண்டு நிற்கும்.

"ஒரே வரிசையா பதிமூணையும் போடலாமேக்கா?" என்று ஒருநாள் மடக்கினேன்.

"அது வரிசையா? பஸ் ஸ்டாப்பு."

"சரி, ஒண்ணு மிச்சமானா ஆவட்டுமே. என்ன இப்ப?"

"மிச்சமா நிக்கிற நாற்காலி காலியா இருக்காது, கிராணிம்மா."

யார் வந்து உட்காருவார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். முதலாளி கேட்டால் "காத்து" என்பார். பூசாரி கேட்டால் "ஒங்களுக்குத் தெரியாததா சாமி" என்பார். நான் கேட்டபோது, ஆசாம்போய்க் கொட்டையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, லோரியின் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பினார். பின்னால் ஏற்றியிருந்த காலி நாற்காலிகளை அதில் ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பழையபடி திருப்பிவிட்டார். பட்டப்பகல் பதினொரு மணிக்கு எனக்கு முதுகு சில்லிட்டது.

இந்தப் பயத்தோடு அவர் வேறு எந்த ஊரில் வேண்டுமானாலும் நிம்மதியாகத் தொழில் செய்திருக்கலாம். சீனர் விருந்து என்றால் ஒரு மேசைக்குப் பத்து நாற்காலி, பிரச்சினையே இல்லை. நம் ஆட்கள்தான் அவருக்கு எமன். நூறு நாற்காலி வேண்டுமென்றால் நூறு என்று சொல்லமாட்டோம். நல்ல காரியம் சுழியத்தில் முடியக்கூடாதாம், ஒன்று சேர்த்து நூற்றொன்று என்போம். நூற்றைம்பது போதுமென்றால் நூற்றைம்பத்தொன்று. மொய்யில் தொடங்கி நாற்காலி வரை அந்த ஒன்று நம் கூடவே வரும். நூற்றொன்று பகா எண். நூற்றைம்பத்தொன்றும் பகா எண். மங்களத்துக்காக நாம் சேர்க்கிற அந்த ஒன்றுதான் மிச்சக்காவுக்குக் கடைசி வரிசைக்குப் பின்னால் தனியாக நிற்கிற ஒற்றை நாற்காலி.

நூற்றொன்று கேட்ட ஒரு கல்யாண வீட்டுக்குத் தொண்ணூற்றொன்பதைக் கொண்டுபோய் இறக்கினார். ஒன்பது வரிசை, பதினோரு பேர், கட்டம் கச்சிதம், ஒற்றைப்படை வேறு. மாப்பிள்ளையின் அம்மா விரலை நீட்டி எண்ணிவிட்டு வந்து கத்தினார்.

"ரெண்டு கொறையுது!"

"ரெண்டு பேர நிக்க வைங்கம்மா. மாப்பிள்ளையும் பொண்ணும் எப்படியும் மேடையிலதான இருக்காங்க."

இன்னொரு வீட்டில் நூற்றொன்றையும் போட்டுவிட்டு, சமையல்கார அம்மாள் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த முக்காலியை உருவிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் சொருகி, நூற்றிரண்டாக்கினார். அந்த அம்மாள் நின்றுகொண்டே சாம்பார் வைத்தார். பொந்தியானில் ஒரு வீட்டில் ஒன்று கூடுதலாக இருக்கிறதென்று தாய்மாமன் உட்கார்ந்திருந்த நாற்காலியையே உருவப்போய், அவர் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தாலி கட்டுகிற நேரத்தில் பாதிக் கல்யாணம் அவரைத் தேடிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு ஓடியது.

முதலாளியிடம் போய்ச் சொன்னது நான்தான்.

கேட்கும்போது சாதாரணமாகத் தெரியும். நான் சொன்ன விதம் சாதாரணமில்லை. தாளில் கோடு போட்டு, தேதி, கேட்ட எண்ணிக்கை, போன எண்ணிக்கை என்று மூன்று பத்தியில் எழுதி நீட்டினேன். படித்த புள்ளையின் வேலை. முதலாளி மிச்சக்காவைக் கூப்பிட்டார்.

"இதான் கடைசி. கஸ்டமர் சொன்ன நம்பர்ல இன்னும் ஒரு தடவ கை வச்சன்னா லோரி சாவியக் குடுத்துட்டுப் போயிரணும். பின்னாடி ரூமையும் காலி பண்ணிரணும். இனிமே ஒவ்வொரு எடத்துலயும் எண்ணிப் பாத்து இந்தத் தங்கச்சிதான் சைன் பண்ணும்."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. கடைக்குப் பின்னால், நாற்காலிகளை அடுக்கி வைக்கிற கொட்டகையை ஒட்டி இருந்த ஒரு பத்தடி அறைதான் மிச்சக்காவின் வீடு. வேறு வீடு கிடையாது. தேடி வர ஆளும் கிடையாது. லோரி போனால் எல்லாம் போனது.

மிச்சக்கா என்னைத் திட்டவில்லை. "கையெழுத்து நல்லா இருக்கு கிராணிம்மா" என்றார். அதற்குப் பதிலாகத் திட்டியிருக்கலாம்.

அடுத்த வாரமே பொந்தியான் போகிற வழியில் ஒரு காதுகுத்து. நூற்றைம்பத்தொன்று. நானும் லோரியில் போனேன். வழியெல்லாம் மிச்சக்காவின் விரல்கள் ஸ்டியரிங்கில் தட்டிக்கொண்டே வந்தன.

"ரெண்டு வரிசையா போட்டா ஒண்ணு மிச்சம். மூணுலயும் ஒண்ணு. அஞ்சுலயும் ஒண்ணு. ஏழுல நாலு. பதினொண்ணுல எட்டு." பெருமூச்சு விட்டார். "அவ்ளோதான். முடிஞ்சிச்சி. உடையாது."

"நாலு, ஆறு எல்லாம் பாக்கலியே?"

"ரெண்டுல போவாதது நாலுல எப்படிப் போவும்? ரெண்டோட மடங்குதானே லா அது."

"பதிமூணு?"

"பதிமூணு வரிசை போடணும்னா வரிசைக்குப் பதிமூணாச்சும் வேணும். நூத்தி அறுவத்தொம்பது ஆயிருது. இப்ப ஏத்துனதுல அவ்ளோ ஏது? வரிசைக்குப் பதிமூணுக்குக் கொறவா போட்டா, ஏற்கனவே பாத்த கட்டத்தத் திருப்பிப் போட்ட மாதிரிதான். அங்குட்டு நின்னு பாத்தா என்னா, இங்குட்டு நின்னு பாத்தா என்னா?"

வர்க்கமூலம் வரைக்கும் வகுத்துப் பார்த்தால் போதும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தேன். ஏன் போதும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு லோரி ஓட்டுநர் அதைக் கண்ணாடிக்கு வெளியே எச்சில் துப்புகிற நேரத்தில் சொல்லிவிட்டதில் எனக்குக் கடுப்பு. ஆக, பன்னிரண்டோடு முடிந்தது என்று மட்டும் மனதில் குறித்துக்கொண்டேன். நான் குறித்துக்கொண்டதில் பாதி தப்பு. அது பின்னால் வரும்.

பத்து வரிசை, வரிசைக்குப் பதினைந்து. அதற்குப் பின்னால் தனியாக ஒன்று. மிச்சக்கா அதைக் கீழே வைத்துவிட்டுச் சூடு பட்டது போலக் கையை எடுத்தார்.

"நீயே எண்ணு. சைன் பண்ணு. அப்புறம் அதப் பாத்துக்கிட்டே இரு. யாராச்சும் உக்காராங்களான்னு பாரு."

எண்ணினேன், கையெழுத்துப் போட்டேன், பார்த்தேன். காலை பத்து மணியிலிருந்து மாலை மூன்று மணி வரை. சாப்பிடும்போதும் அந்தப் பக்கம் திரும்பித்தான் சாப்பிட்டேன். அத்தனை கூட்டத்தில் ஒருவர்கூட அந்த நாற்காலியில் உட்காரவில்லை. உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தவர்கள்கூட அங்கே போகவில்லை. ஒரு சின்னப் பெண் பலூனோடு அதை நோக்கி ஓடினாள். நாலடி தூரத்தில் நின்றாள். யாரோ பெரியவர்கள் குறுக்கே வந்துவிட்டது போல ஒதுங்கி, சுற்றிக்கொண்டு போனாள்.

எங்கள் பக்கத்து மண் வேறு மாதிரி. கறுப்பாக, பஞ்சு போல, மிதித்தால் உள்ளே போகிற சதுப்பு. ஆள் உட்கார்ந்த நாற்காலியின் கால்கள் விரல்கடை ஆழத்துக்கு இறங்கிவிடும். சும்மா நின்ற நாற்காலி இறங்காது. மூன்று மணிக்கு அள்ளத் தொடங்கினோம். கடைசியில் ஒற்றை நாற்காலிக்கு வந்து ஒரு கையால் தூக்கினேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். சளக் என்று வந்தது. நான்கு கால்களும் ஒரு சாண் ஆழத்துக்குப் புதைந்திருந்தன. வேறு எந்த நாற்காலியும் அவ்வளவு இறங்கவில்லை.

"அந்த எடத்துல மண்ணு லேசு போல" என்றேன்.

"மண்ணு லேசுதான்" என்றார் மிச்சக்கா. "நாற்காலியும் லேசுதான்."

திரும்பி வரும்போது, பாதி வழியில் அவரே மெதுவாகச் சொன்னார்: "தனியா உக்காந்திருந்தா பக்கத்துல யாராச்சும் வந்து உக்காரணும்னு இருக்கும்ல. ஆளுங்க வரலன்னா வேற யாராச்சும் வருவாங்க. அவங்களயும் குத்தம் சொல்ல முடியாது."

அதன் பிறகு நான் அவரைப் பற்றி மூன்று பத்தித் தாள் எதுவும் எழுதவில்லை. ஒற்றை நாற்காலி வருகிற இடங்களில் சீக்கிரம் கையெழுத்துப் போட்டுவிட்டு வேறு பக்கம் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

பல்கலைக்கழகக் கடிதம் வந்தது. அப்பா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்தார். நான் நேராகத் திருப்பிக் கொடுத்ததும் இன்னும் ஐந்து நிமிடம் பார்த்தார். பிறகு விருந்து வைக்கப்போவதாக அறிவித்தார். எங்கள் கடையிலேயே நாற்காலி. இருநூற்று இருபத்தொன்று.

"இருநூறு போதாதாப்பா?"

"இருநூறுன்னா எண்ணிக்க. எறநூத்தி இருவத்தொண்ணுன்னா மரியாத."

நான் மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். இரண்டில் போகாது, மூன்றில் போகாது, ஐந்தில் போகாது. ஏழில் நான்கு மிச்சம், பதினொன்றில் ஒன்று மிச்சம். நின்றுவிட்டேன். மிச்சக்காவும் பதினொன்றோடு நிறுத்தியதைத்தான் நான் பார்த்திருக்கிறேனே. பள்ளியில் வாய்பாடும் பன்னிரண்டோடு முடிந்துவிட்டது. பன்னிரண்டாம் வாய்பாட்டுக்கு அந்தப் பக்கம் காடு என்பது போலத்தான் என் புத்தி வேலை செய்தது. உடையாத நம்பர் என்று முடிவு கட்டினேன்.

மிச்சக்கா நிச்சயமாகக் கை வைப்பார். விருந்துக்கு முதலாளியும் வருகிறார். என் விருந்தில், என் அப்பா சொன்ன எண்ணால், அவருடைய லோரியும் அறையும் போய்விடும். அதனால் முந்தின நாள் சாயங்காலம் அவர் எங்கள் வீட்டு முன்னால் நாற்காலிகளை அடுக்கிவிட்டுப் போனதும், நான் ஒன்றை உருவிக்கொண்டு போய் வீட்டுக்குப் பின்னால் அன்னாசிச் செடிகளின் ஓரத்தில் வைத்தேன். இப்போது இருநூற்று இருபது. எப்படி வேண்டுமானாலும் உடையும். அவருக்கு வேலை இருக்காது. தாளில் இருநூற்று இருபத்தொன்று என்று நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன். விருந்துக்கு வருகிற முதலாளி பிரியாணியைச் சாப்பிடுவாரா, நாற்காலியை எண்ணுவாரா?

எண்ணினார்.

நான் புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது முற்றம் முழுக்க ஆட்கள். நாற்காலிகளை அவ்வளவு அழகாக அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நூல் பிடித்தது போல வரிசைகள். கடைசி வரிசையின் ஓரத்தில் மட்டும், வரிசையாக இருக்கிற பல்லில் ஒன்று விழுந்தது போல, ஒரு நாற்காலி அகலத்துக்கு வெற்றிடம். அதற்கு முன்னால் முதலாளி விரலை நீட்டிக்கொண்டு நின்றார். முகம் சிவந்திருந்தது.

"எறநூத்தி இருவது! ஒண்ணு கொறையுது. இவங்க வீட்டு நல்ல காரியத்துலயும் ஒன் புத்தியக் காட்டிட்டியா?"

"நான் சரியாத்தான் ஏத்துனேன் பாஸ்" என்றார் மிச்சக்கா. அவர் முதலாளியைப் பார்க்கவேயில்லை. அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரியாத்தான் எறக்குனேன். ராத்திரி யாரோ எடுத்திருக்காங்க. யாருக்கோ வேணும் போலருக்கு."

"யாருக்கு? பேய்க்கா? சாவியக் குடு."

மிச்சக்கா பூட்ஸுக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்தார். அப்போதுதான் நான் வரிசைகளை எண்ணினேன். பதிமூன்று. வரிசைக்குப் பதினேழு. பதிமூன்றைப் பதினேழால் பெருக்கினேன். என் தலைக்குள் காடு விலகி வழி தெரிந்தது.

எனக்குப் பின்னால் அப்பா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "எம்மவ கணக்குல ஒண்ணுகூடத் தப்பா போட்டதில்ல. சின்னதுலேருந்தே."

நான் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அதை நான் இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு. ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"பாஸ், நாற்காலிய எடுத்தது நான்தான்" என்றேன்.

இருநூறு பேர் திரும்பினார்கள்.

"எறநூத்தி இருவத்தொண்ணு உடையாதுன்னு நெனச்சேன். அக்கா நம்பர மாத்திருவாங்கன்னு பயந்து ஒண்ண ஒளிச்சு வச்சேன். கணக்கு தப்பு. பதிமூணால போவுது. நான் பதிமூணப் பாக்கல."

முதலாளி போனை எடுத்துத் தட்டிப் பார்த்தார். "பதிமூணு... பதினேழு... ஆமா லா" என்று முணுமுணுத்தார். சாவியைப் பிடித்திருந்த மிச்சக்காவின் கை கீழே இறங்கியது. எங்கோ ஒருவர் சிரித்தார். "யூனிவர்சிட்டிக்குப் போற புள்ளயாம்!" என்றது ஒரு குரல். என் காது இரண்டும் எரிந்தன.

அப்பா தொண்டையைச் செருமினார். அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

"தப்பு எங்கன்னு அவளே கண்டுபிடிச்சா பாத்தீங்களா?" என்றார் சத்தமாக. "அதுக்குத்தான் படிப்பு வேணுங்கறது. இலை போடுங்கப்பா!"

மிச்சக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். "எங்க வச்ச?"

இருவரும் வீட்டுக்குப் பின்னால் போனோம். அன்னாசிச் செடிகளின் ஓரத்தில், நான் வைத்த இடத்தில்தான் நாற்காலி இருந்தது. ஆனால் நான் அதை வீட்டுச் சுவரைப் பார்த்து வைத்திருந்தேன். இப்போது அது முற்றத்தை, விருந்து நடக்கிற பக்கத்தை, பார்த்துத் திரும்பியிருந்தது. நான்கு கால்களும் ஒரு சாண் ஆழம் புதைந்திருந்தன.

நான் மிச்சக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கொட்டையைக் கன்னம் மாற்றிக்கொண்டார்.

"ஒரு ராத்திரி முழுக்க ஒத்தையா விட்டுட்ட" என்று என்னைக் கடிந்துகொண்டார். பிறகு நாற்காலியிடமோ அதில் இருந்தவரிடமோ, யாரிடம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார்: "போதும், எந்திரிங்க. ஆளு வருது."

சளக் என்று ஒரே இழுப்பில் நாற்காலி வந்தது.

கடைசி வரிசையின் வெற்றிடத்தில் அதை வைத்ததும் கட்டம் மூடிக்கொண்டது. மிச்சக்கா நாலு பக்கமும் நடந்து போய் நின்று நின்று பார்த்தார். "பதிமூணு வரிசை, பதினேழு ஆளு. ஒங்கப்பாவுக்கு எங்கேருந்து கெடச்சிச்சி இந்த நம்பரு? இத்தன வருசத்துல எனக்கு இப்படி ஒண்ணு வந்ததில்ல கிராணிம்மா. ரெண்டு பக்கமும் கெட்டி. ரெண்டே வழிதான் உடையும், ஆனா உடையும்." அதுவரை எந்த வீட்டு விசேஷத்திலும் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அன்று அந்தக் கடைசி நாற்காலியில் தானே உட்கார்ந்தார். முன்னங்கால்களைத் தூக்கிப் பின்னங்கால்களில் சாய்ந்துகொண்டார். பக்கத்து நாற்காலியில் இருந்த என் அம்மாவிடம் ஆசாம்போய் ஒன்றை நீட்டினார். இலையில் இரண்டாம் தடவை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டார். முதலாளி பார்த்தும் பார்க்காதது போல இருந்தார்.

நான் படித்து முடித்து, இப்போது ஜொகூர் பாருவில் ஓர் இடைநிலைப் பள்ளியில் கணிதம் எடுக்கிறேன். பகா எண் பாடம் வரும்போது மாணவர்களை மேசை நாற்காலியோடு வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுவேன். பக்கத்து வகுப்பு ஆசிரியை இரைச்சல் தாங்க முடியவில்லை என்று எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறார். மூன்று பத்தியில். நான் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன்.

ஒருநாள் பழைய முதலாளி போன் செய்தார். மிச்சக்கா காலையில் எழுந்திருக்கவில்லையாம். நான் அங்கே போனபோது அவருடைய அடையாள அட்டையை என்னிடம் நீட்டி, பெயரைப் பலகையில் எழுதச் சொன்னார்கள். என் கையெழுத்து நல்லா இருக்கும் என்று அக்கா சொல்லியிருந்தாராம். அழகான பெயர். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது அவருடையது.

கொட்டகைக்கு முன்னால் பந்தல். நாற்காலிகளை இறக்க ஒரு புது ஆள், எண்ணாமல் கைக்கு வந்ததை எல்லாம் இறக்கியிருந்தார். நான் எண்ணினேன். நூற்று இருபத்தேழு. இரண்டில், மூன்றில், ஐந்தில், ஏழில், பதினொன்றில் பார்த்தேன். அதோடு நிறுத்தலாம். ஆனாலும் பதிமூன்றிலும் பார்த்தேன். உடையவில்லை.

புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு நானே போட்டேன். ஒன்பது வரிசை, வரிசைக்குப் பதினான்கு. பின்னால் தனியாக ஒன்று.

"ஒண்ண எடுத்துரவாம்மா?" என்றார் முதலாளி. அவருக்கும் எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

"வேணாம் பாஸ். இருக்கட்டும்."

வந்தவர்கள் எல்லாரும் வரிசையில்தான் உட்கார்ந்தார்கள். அந்த நாற்காலிப் பக்கம் ஒருவரும் போகவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். காரியம் முடிந்து, கூட்டம் கலைந்து, வெயில் சாய்ந்த பிறகு அதன் அருகே போனேன்.

முன்னங்கால்கள் இரண்டும் மண்ணுக்கு மேலே, துடைத்தது போலச் சுத்தமாக இருந்தன. பின்னங்கால்கள் இரண்டும் மட்டும் ஒரு சாண் ஆழத்துக்குப் புதைந்திருந்தன. நான் இன்னொரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, அதன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.